களிமண் கைவிட்ட ஈயம்

அந்தக் காலத்தில், மண்ணுக்கும் உலோகத்துக்கும் வாய் இருந்தபோது, ஈயத்தைப் போல அலைக்கழிந்தவன் யாருமில்லை. பித்தளை வார்க்கும் பட்டறையில் கசடோடு கசடாக அவனையும் வாரி வெளியே கொட்டிவிட்டார்கள். தண்ணீரோடு சேர்ந்து போனால், குடித்தவர்களுக்கெல்லாம் வயிற்றுவலி. பாவம், வேண்டுமென்றா செய்தான்? அவன் பிறவி அப்படி.

மணலிடம் இடம் கேட்டான். தன் கையில் எதுவும் நிற்காது என்று மணல் நழுவிவிட்டது. களிமண்தான் அவனை உட்கார வைத்து ஒரு கையைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு கையைப் பிடித்தது யார் தெரியுமா? இலைதழை மக்கிய கறுப்பு மண். ஊரே அதை மக்கு, மக்கு என்று கேலி செய்யும். அந்த மக்குக்கு இருந்த மனசு கேலி செய்தவர்களுக்கு இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஈயம் நிம்மதியாகத் தூங்கினான்.

அங்கேதான் பட்டறைக்காரர் மனைவி பூவாத்தாள் கீரைப் பாத்தி போட்டாள். வார்த்த பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்ப்பது அவள் வேலை. உலைச் சாம்பலை மூலையில் குவித்துவிடுவாள். புளித்தண்ணீரை மட்டும் வீணாக்க மனமில்லாமல் பாத்திக்கு ஊற்றுவாள். சிக்கனக்காரியாம்!

புளிப்பு மண்ணுக்குள் இறங்கியது. களிமண்ணின் கையில் தான் ஏறி உட்கார்ந்துகொண்டு ஈயத்தைத் தள்ளிவிட்டது. மக்கின் பிடியும் தளர்ந்தது. தூக்கம் கலைந்த ஈயம் தடுமாறிக் கீரையின் வேருக்குள் விழுந்தான்.

பூவாத்தாள் ஆசையாய் வளர்த்த கன்றுக்குட்டி அந்தக் கீரையைத் தினமும் மேய்ந்தது. ஒரு காலையில் அது எழுந்திருக்கவே இல்லை. அன்று மத்தியானம் மகளுக்கு முதன்முதலாகச் சோற்றில் பிசைந்து ஊட்ட அதே கீரையைத்தான் பறித்து வைத்திருந்தாள். கன்று தின்றதும் இதைத்தானே என்று பாத்திக்கு ஓடினாள்.

"பாவி மண்ணே, உள்ளே என்னத்தை வைத்திருக்கிறாய்?" என்று பாத்தியில் விழுந்து அழுதாள்.

"ஈயத்தை வைத்திருந்தேன் தாயே. நானாக விடவில்லை, உன் புளி என் பிடியைப் பிரித்துவிட்டது. அந்தச் சாம்பலைக் கொண்டுவா. புளிப்பு அடங்கினால் திரும்பப் பிடித்துக்கொள்வேன்" என்றது களிமண்.

கீரையைக் குழியில் போட்டு மூடிவிட்டு, அழுதுகொண்டே சாம்பலை அள்ளித் தூவினாள். களிமண்ணும் மக்கும் ஈயத்தைத் தேடிப் பிடித்தன. இன்னொரு தரம் விட்டுவிடுவாயா என்று அவன் பயந்துபோய்க் கேட்டான்.

"புளிப்பு வந்தால் விட்டுவிடுவேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்" என்றது களிமண்.

அன்று முதல்தான் களிமண் ஈயத்தை இறுக்கிப் பிடிப்பதும், புளிப்பு பட்டால் கைவிடுவதும். பட்டறைத் தெருப் பெண்கள் விதைக்கும் முன் பாத்தியில் சாம்பல் தூவுவதும் அன்று முதல்தான். பிள்ளைக்கு ஒரு பிடி, அந்தக் கன்றுக்கு ஒரு பிடி.