மூச்சுக்குக் காவல்

“அம்மா, நான் கண்ணசந்தா மூச்சு நின்னு போயிரும்.”

ஆவுடையப்பன் இதைச் சொன்னபோது பேராச்சியம்மா மடத்து அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். குருவானாலும் கீரையை உருவித்தானே ஆக வேண்டும்.

“யாரு சொன்னா, அண்ணாச்சி?”

“யாரும் சொல்லல. எனக்கே தெரியுது.”

சீடர் குருவைவிட மூத்தவர். ரயில்வே கேட்டில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்துக் கிடந்தவர். மலையடிவாரத்து மடத்துக்கு அவர் வந்த அன்று அம்மா ஒரே ஒரு பாடம்தான் சொன்னார். மூச்சைக் கவனிங்க.

மற்றவர்கள் கவனித்தார்கள். இவர் காவலுக்கு நின்றுவிட்டார்.

மூச்சு உள்ளே போனால் வெளியே வருமா என்று பயம். வெளியே வந்தால் அடுத்தது உண்டா என்று பயம். படுத்ததும் தூக்கம் கண்ணைச் சுழற்றும். உடனே பதறி எழுந்து உட்கார்ந்துவிடுவார். பல நாளாக இதே கதை. ஆள் பாதியாகிவிட்டார்.

பக்கத்துப் பாய்க்காரரிடம் கெஞ்சிக்கூடப் பார்த்தார். “நான் மூச்சு விடுதனான்னு கொஞ்சம் பாத்துக்கிடுதீரா? அதுக்குள்ள நான் ஒரு கண்ணு அசந்துக்கிடுதேன்.”

அவர் ஆகட்டும் என்று சொல்லிவிட்டுக் குறட்டை விட்டார்.

“மூச்ச நீங்க பாத்துக்கிடுதீங்க, சரி,” என்றார் பேராச்சியம்மா. “இதயத்த யாரு பாக்கா?”

ஆவுடையப்பனுக்கு முகம் வெளுத்துப்போனது. அதை அவர் யோசிக்கவே இல்லை. அவசரமாக நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். அடித்துக்கொண்டுதான் இருந்தது, அதுவும் தறிகெட்டு.

“காலையில தின்ன இட்லி இப்ப எங்க போயிட்டிருக்கு? அதுக்கு வழி காட்டுதது யாரு?”

“ஏம்மா இப்படிக் கெளப்பி விடுதீங்க?”

பயந்து கிடக்கிற மனிதரிடம் இப்படியா பேசுவது என்று எனக்கும் தோன்றுகிறது. அம்மாவின் வழி அது.

“பால் பொங்குது. சட்டிய எறக்கி வைங்க.”

ஆவுடையப்பனின் கவனமெல்லாம் மூச்சின்மேல் இருந்தது. பிடிதுணி எடுக்க மறந்தார். சட்டியில் பட்ட கை, பட்ட வேகத்தில் பின்னால் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சுட்டது. அதற்கும் பிறகுதான் “ஐயோ” என்றார்.

அம்மா தண்ணீர்ப் பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளினார். “கைய முக்குங்க. சட்டியிலேருந்து கைய எடுக்கணும்னு எப்ப முடிவு பண்ணீங்க?”

“முடிவா? சுட்டதே பெறகுதாம்மா தெரிஞ்சுது.”

“அப்போ எடுத்தது யாரு?”

இது அவருக்குத் தெரிந்த விஷயம். “ரயில்வே ஆஸ்பத்திரியில முட்டிக்குக் கீழ சுத்தியலால தட்டுவாங்கம்மா. காலு தன்னால உதறும். முதுகுத்தண்டுலயே உத்தரவு போட்டு அனுப்பிருமாம். மூளைக்குத் தகவல் பெறகுதான் போகுமாம். டாக்டர் சொல்லிருக்காரு.”

“பெறகு என்ன பயம்?”

“அது கை காலுக்கு. மூச்சு அப்படி இல்லியே. நெனச்சா இழுக்கலாம், நெனச்சா விடலாம். நம்ம கையில இருக்குத சாமான நாமதான பாக்கணும்?”

பேராச்சியம்மாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

“அப்போ நிறுத்துங்க.”

“என்னது?”

“உங்க கையிலதான இருக்கு. மூக்கப் பிடிங்க, வாய மூடுங்க. நான் சொல்லுத வரைக்கும் விடக்கூடாது.”

பிடித்தார்.

அம்மா கீரைக்குத் திரும்பினார். ஒரு கொத்தை உருவி முடித்து அடுத்ததை எடுத்தார். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

ஆவுடையப்பனின் முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. வயிறு எக்கி எக்கித் துடித்தது. அம்மா மறந்துவிட்டாரோ, இப்படியே போய்விடுவோமோ என்று உள்ளுக்குள் அலறினார். இருந்தாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

கை விழுந்தது. வாய் பிளந்தது. அடுக்களை முழுக்கக் கேட்கும்படி மூச்சு உள்ளே பாய்ந்தது.

“நான் இன்னும் சொல்லலியே.”

“நான் விடலம்மா.”

“பெறகு யாரு விட்டா?”

மூச்சு வாங்கியபடியே ஆவுடையப்பன் கேட்டார்.

“அப்போ அவளுக்கு மட்டும் ஏன் நின்னுச்சு?”

அம்மா கீரையைக் கீழே வைத்தார். “யாருக்கு?”

“எம் பொஞ்சாதிக்கு. தூக்கத்துலயே போயிட்டா. பக்கத்துலதான் படுத்திருந்தேன். ஊரான் ரயிலுக்கெல்லாம் முழிச்சிருந்தவன், அன்னைக்கு நல்லாத் தூங்கிட்டேன்.”

“ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாது, அண்ணாச்சி.”

“நான் முழிச்சிருந்தா நின்னிருக்காது.”

அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இரண்டும் இரண்டும் நாலு என்பது போலச் சொன்னார்.

பேராச்சியம்மா எழுந்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

“இப்ப முழிச்சிருந்துதான நிறுத்திப் பாத்தீங்க. உங்க சொந்த மூச்சு. முடிஞ்சுதா?”

“முடியல.”

“பெறகு, தூங்கிட்டிருந்த நீங்களா அவங்க மூச்ச நிறுத்தினீங்க?”

ஆவுடையப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அழுகை முந்திக்கொண்டது.