கல்லாய் இருந்த தோள்

நெடுங்கரை மன்னர் மழவராயருக்கு எல்லைச் சண்டைக் கவலையில் தூக்கம் போனது. கால்கள் ஜில்லிட்டு மரத்துப்போயின. வச்சிரகாயர் என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்ட ஒரு வைத்தியர் வந்தார். தினமும் கால் முதல் தோள் வரை தைலம் தடவிப் பிடித்துவிட்டார். காலில் சூடு ஏறியது. மன்னர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நல்ல கைதான். வாய்தான் அடங்கவில்லை.

"பிரபு, வஞ்சகம் நினைப்பவனுக்கு ரத்தம் தோளில் கட்டிக்கொள்ளும். தொட்டாலே சொல்லிவிடுவேன்" என்றார்.

மன்னர் அதையும் நம்பினார். சபையில் ஒவ்வொருவர் தோளாக அமுக்கி வந்த வச்சிரகாயர், களஞ்சிய அதிகாரி ஆண்டபிள்ளையிடம் நின்றார். "கல்" என்றார். அவ்வளவுதான், ஆண்டபிள்ளை சிறையில் கிடந்தார். மறுநாள் விடிந்தால் கழுமரம்.

அவர் விகடகவி கூத்தபிரானின் தங்கை கணவர். கூத்தபிரான் சிறைக்கு ஓடினார்.

"மச்சான், மூட்டை சுமந்து வளர்ந்த தோள். பக்கத்தில் வாளோடு காவலன் வேறு. எப்படி இளகும்?" என்றார் ஆண்டபிள்ளை.

கூத்தபிரான் நேரே சபைக்கு வந்தார். "வைத்தியரே, ஆளின் முகம் பார்த்துத்தான் தோள் பார்ப்பீரோ?"

"முகம் எதற்கு? விரல் போதும்."

"அப்படியானால் அந்தப்புரத்தில் ராணிக்கு நாடி பார்ப்பதுபோலத் திரை கட்டுவோம். நான் உட்காருகிறேன்."

வச்சிரகாயருக்கு வாயெல்லாம் பல். தன்னைத் 'தைலச்சட்டி' என்று கேலி செய்தவன் தானாக வந்து மாட்டுகிறான்.

வைத்தியரை வெளியே நிறுத்திவிட்டுத் திரை கட்டினார்கள். கூத்தபிரான் மன்னரின் காதில் சொன்னார்: "பிரபு, நீங்களே உட்காருங்கள். தினமும் அவர் பிடிக்கிற தோள்தானே?"

மன்னர் நகைகளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். வைத்தியர் உள்ளே வந்தார்.

"மன்னர் எங்கே?"

"திரைக்கு இந்தப் பக்கம்தான்" என்றது உள்ளிருந்து கூத்தபிரானின் குரல். "மெதுவாக அமுக்கும் ஐயா, கூசுகிறது."

வச்சிரகாயர் திரையின் துளை வழியே கைகளை நீட்டி அமுக்கினார். உச்சுக்கொட்டினார்.

"ஐயோ, பாறை. ஆண்டபிள்ளையே தேவலாம். பிரபு, இவன் இரவும் பகலும் அரியணையையே நினைத்துக்கொண்டிருக்கிறான். இவனால் நாட்டுக்கே கேடு. கழுவில் ஏற்றுங்கள்."

கூத்தபிரான் திரையை விலக்கினார்.

மன்னரின் தோளில்தான் வைத்தியரின் கை இருந்தது. எடுக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றார்.

"அரியணையை நினைக்கிறவர் என்றது மட்டும் சரி, பிரபு" என்றார் கூத்தபிரான். "நேற்றுப் பிடித்துவிட்ட தோளையே தெரியவில்லை. இவருக்கு அடுத்தவன் நெஞ்சு தெரிகிறதாம்."

மன்னர் முகம் சிவந்தது. "ஆண்டபிள்ளையை இப்போதே விடுங்கள். இவனை என்ன செய்யலாம், கூத்தபிரான்?"

"குதிரை லாயத்துக்கு அனுப்புங்கள். குதிரைக்குக் கால் வலிதான் இருக்கும். இவர் யாரைக் காட்டிக்கொடுத்தாலும் அது நம்பாது."

சொல்லிவிட்டு வச்சிரகாயரின் தோளில் மெல்லக் கை வைத்தார். சட்டென்று கையை உதறினார்.

"பிரபு, களஞ்சியத்தை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுவோம். இவர் தோளும் கல்லாகத்தான் இருக்கிறது. மொத்த நெல்லையும் இவரே தின்றிருப்பார் போலிருக்கிறது."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எந்தத் தைலமும் இல்லாமலே அவர் தோள் இளகியது.