நெஞ்சின் மேல் டிரே

ஆண்கள் வார்டில் சன்னாசி என்கிற லாரி டிரைவர் காலையிலிருந்து நான்கு முறை வாந்தி எடுத்துவிட்டார். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை. குமட்டும்போதெல்லாம் வயிற்றுத் தையல் இழுபட்டது. கட்டுத்துணியில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. தையல் விட்டுப்போனால் மறுபடியும் தியேட்டர்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவரைப் பார்த்துக்கொண்டவர் பரமானந்தம். பட்டாளத்தில் பதினெட்டு வருடம் மருத்துவ உதவியாளராக இருந்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் இங்கே வேலை பழக வந்தவர். எதிலும் முன்னேற்பாடு. வாந்தி பிடிக்கும் டிரேயைச் சன்னாசியின் நெஞ்சின் மேலேயே வைத்திருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் குனிந்து, "வாந்தி வருதா?" என்று கேட்பார். பாவம், கேட்டால் வராமல் இருக்குமா?

வேலை பழக்கிய எஸ்தர் சிஸ்டர் அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். பரமானந்தம் அவரிடம் போனார்.

"ஊசி போட்டு ஒரு மணி நேரமாச்சு சிஸ்டர். தலைய ஒசத்தி ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிருக்கேன். இன்னும் நிக்கல. வேற என்ன செய்யணும்?"

எஸ்தர் எழுந்து வந்தார். நெஞ்சின் மேலிருந்த டிரேயை எடுத்தார். துண்டு ஒன்றைக் கையில் போட்டுக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரரின் சாம்பார் டப்பாவை மூடச் சொல்லி, ஜன்னலைத் திறந்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மெதுவாக மூச்சை இழுத்து விடச் சொன்னார். பிறகு, லாரிக்கு என்ன பேர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"வெண்ணிலா" என்றார் சன்னாசி. மகள் பெயராம். ஒன்பதாவது படிக்கிறாளாம். எல்லாம் நன்றாகப் படிப்பாளாம், கணக்குதான் தகராறாம். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் தூங்கிப்போனார். கட்டுத்துணியில் கறை அதற்கு மேல் பரவவில்லை.

கால்மாட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்த பரமானந்தத்துக்கு நிம்மதி பாதி, கோபம் பாதி. வராந்தாவுக்கு வந்ததும் கேட்டுவிட்டார்.

"டிரேய எடுத்துட்டீங்க. நடுவுல வாந்தி வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

எஸ்தர் கையிலிருந்த துண்டை விலக்கினார். அடியில் டிரே இருந்தது. அதை அவரிடம் கொடுத்துவிட்டு, இத்தனை நேரம் பிடித்து மரத்துப்போன விரல்களை நீட்டி மடக்கினார்.

"தயாரா இருக்க வேண்டியது நாமதாண்ணே. அவருக்கு எதுக்கு அந்த வேலை?"