எல்லைக்கல்லைச் சுமந்த சீனியம்மா

ஒரு ஊர்ல ஒரு எல்லைக்கல்லு இருந்துச்சாம். பெரிய பட்டணம் அது. கிழக்க அந்தக் கல்லோட ஊர் முடிஞ்சுது. இடுப்பு உயரம், நடுவுல ஒரு வாள் செதுக்கியிருக்கும். எல்லைச்சாமின்னு மஞ்ச பூசிக் கும்பிடுவாங்க. ம் கொட்டுடி, இல்லன்னா நிறுத்திருவேன்.

"ம்."

அந்தப் பட்டணத்துல சீனியம்மான்னு ஒருத்தி. பேருதான் சீனி, விக்கிறது உப்பு! தலையில ரெண்டு மூட்டையோட திங்கு திங்குன்னு நடப்பா. பிரசவமும் பாப்பா. மக பூவாயியைக் கல்லுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்துல கட்டிக் குடுத்திருந்தா.

அப்போ திருவிழா வந்துச்சு. டும் டும் டும்முன்னு கொட்டடிச்சு ஊர்ல எல்லாரும் காப்பு கட்டிக்கிட்டாங்க. காப்பு கட்டிட்டா, திருவிழா முடியிறவரைக்கும் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டுனா குடும்பத்துக்கே ஆகாதும்பாங்க.

மறுநாள் மத்தியானம் பூவாயியோட நாத்தனா, கல்லுக்கு அந்தப் பக்கம் நின்னு கத்துறா. "அத்தே! பூவாயிக்கு வலி வந்துருச்சு. பிள்ளை குறுக்க கெடக்கு. நீங்க வந்தாத்தான் பொழைப்பா!"

சீனியம்மா நாட்டாமைகிட்ட ஓடுனா. "பூசாரியக் கேளு"ன்னாரு. பூசாரிகிட்ட ஓடுனா. "எல்லைச்சாமியக் கேளு"ன்னாரு. அப்புறம் கல்லுகிட்டயே ஓடியாந்து கேட்டா. அது உர்ருன்னு நின்னுச்சு. பின்ன, கல்லு பேசுமா?

"ம்... பேசாது."

சீனியம்மாவுக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. தாண்டுனா மகளுக்கு ஆகாது. தாண்டலன்னா மகளே இல்ல. அப்போ கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "சாமி, நான் உன்னைத் தாண்டல. நீயும் என்கூட வா"ன்னா. கல்லைக் கட்டிப் புடிச்சா. ஒரு தடவை இழுத்தா, அசையல. ரெண்டாந்தடவை மண்ணு பொலபொலன்னு விட்டுச்சு. மூணாந்தடவை ஹூம்முன்னு தூக்கித் தலையில வச்சுக்கிட்டா! எப்பேர்ப்பட்ட பொம்பளை! சொல்லும்போதே எனக்குப் புல்லரிக்குது, பாரு.

"ம்..."

திடுதிடுன்னு நடந்து, மக வீட்டையும் தாண்டிப் போயி, அந்தப் பக்கத்துல தொம்முன்னு நட்டா. இப்போ மக வீடும் ஊருக்குள்ள ஆயிருச்சு, இல்ல? உள்ள ஓடுனா. கொஞ்ச நேரத்துல குவா... குவா! பொம்பளைப் பிள்ளை. பூவாயியும் பொழைச்சுக்கிட்டா.

அப்புறம் நாட்டாமை ஊரையே கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. "கல்லைப் பழைய இடத்துலயே வை!"

சீனியம்மா பிள்ளையை ஏந்திக்கிட்டு வாசலுக்கு வந்தா. "வைக்கிறேங்கய்யா. ஆனா கல்லு பின்னால போனா இந்தப் பச்சப்பிள்ளை ஊருக்கு வெளியில ஆயிரும். வெளியில போடின்னு நீங்களே அவகிட்ட சொல்லிருங்க."

நாட்டாமை குனிஞ்சு பாத்தாரு. பிள்ளை கொட்டாவி விட்டுச்சு. அவரு நிமிந்தாரு. கூட்டத்தைத் திரும்பிப் பாத்து அதட்டுனாரு.

"என்னய்யா வேடிக்கை? நம்ம ஊர்ப் பிள்ளைக்கு ஒரு தொட்டில் கட்டுங்க!"

கல்லு நட்ட எடத்துல நிக்குது, கதை வந்த எடத்துல நிக்குது. கண்ணை மூடு, கண்ணு.