சேர்மன் காரின் கூப்பாடு

டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து ஊரே புழுங்கிச் செத்துக்கொண்டிருந்த கோடை அது. "உங்க வீட்டு ஃபேன் சுத்துற வரைக்கும் என் கார்ல ஏசி ஓடாது!" என்று மேடையில் சூளுரைத்திருந்தார் சேர்மன் குலசேகரன்.

அந்தக் கார்தான் இப்போது மெக்கானிக் வேலம்மாவின் பட்டறை வாசலில், இன்ஜினை அணைக்காமல் நிற்கிறது. சுற்றிலும் கூட்டம். சேர்மன் இறங்கி வந்து மிரட்டினார்.

"வர்ற வழியெல்லாம் கிறீச்சுனு கத்துது. பானட்டைத் திறக்காமலே எங்கே சத்தம்னு சொல்லணும். சொல்லலைன்னா பட்டறைக்குப் பூட்டுதான்!"

வேலம்மா குனிந்து பார்த்தாள். காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நிமிர்ந்து காதைக் குடைந்துகொண்டாள்.

"சத்தமே இல்லையே, சேர்மனய்யா! பச்சப்புள்ள மாதிரில்ல தூங்குது?"

"நல்லாக் கேளு!"

"கேட்டாச்சுங்க. நீங்க ஏதோ கனவு கண்டிருக்கீங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சேர்மனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"யாருக்குக் கனவு? ஏசியைப் போட்டுப் பாரு, வீடு போய்ச் சேர்ற வரைக்கும் கத்தும்!"

கூட்டம் மொத்தமும் சேர்மன் பக்கம் திரும்பியது.

வேலம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "கண்டுபிடிச்சாச்சுங்க. சத்தம் ஏசி கம்ப்ரசர்லதான். பாவம், ஓயாம உழைச்சுத் தேஞ்சுபோச்சு!"

அதற்கப்புறம் ஊர் போட்ட சத்தத்தை நிறுத்த எந்தப் பட்டறையாலும் முடியவில்லை.