எந்தக் கரையில் தொடங்குவது

“அம்மா, எந்த நாட்டுல தொடங்கறது?”

பூபாலன் கேட்டான். நீலாயதாட்சி அம்மா கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிக் கரைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எதை?”

“கம்பெனியை.”

“எந்தெந்த நாடு?”

“சிங்கப்பூர், நார்வே, சிலி. மூணு இடத்துலேருந்தும் கூப்பிடறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.”

“கூழைக் குடிங்கண்ணே.”

குடித்தான்.

அம்மாவுக்கு முப்பத்தேழு வயது. பூபாலனைவிட ஏழு வயது சின்னவர். முன்பு நர்ஸாக இருந்தவர். வேதாரண்யத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி, ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் இருந்தார். விடிந்ததும் ஏழெட்டுப் பேர் வந்து மணலில் கண்மூடி உட்காருவார்கள். அவர் போதிப்பதில்லை. கேட்டால் பதில் சொல்வார். பல நாள் அதுவும் இல்லை. வருகிற ஆண்கள் எல்லோரும் அவருக்கு அண்ணன்தான். அவர்களுக்கு அவர் அம்மா.

எல்லோரும் கடலைப் பார்த்து உட்காருவார்கள். பூபாலன் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருவான். மூன்று வருடமாக அப்படித்தான். அம்மா ஏன் என்று கேட்டதில்லை.

அவன் தம்பி சுதாகரன் நான்கு வருடத்துக்கு முன், ஓர் ஐப்பசியில், படகிலிருந்து தவறி விழுந்தான். கூட இருந்த மூன்று பேரும் குனிந்து வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்தபோது அவன் நின்ற இடம் காலியாக இருந்தது. நாலு நாள் தேடினார்கள். செருப்புகூடக் கிடைக்கவில்லை.

பூபாலன் பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்தான். ஒரு கருவி செய்தான். சோப்புக்கட்டி அளவு இருக்கும். தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் தண்ணீரில் விழுந்தால் படகில் மணி அடிக்கும். விழுந்தவன் எங்கே மிதக்கிறான் என்று சுற்றியுள்ள படகுகளுக்கும் காட்டும். செய்து முடிக்க மூன்றரை வருடம் ஆனது.

கூழ்ப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தபின் அம்மா கேட்டார்.

“இங்க தொடங்கினா என்ன?”

“இங்க முடியாதும்மா.”

“ஏன்?”

“யாரும் மாட்டிக்க மாட்டேங்கறாங்க. ஒரு படகுக்காரர்கிட்ட கொண்டுபோய்க் குடுத்தேன். ‘தம்பி, இதைக் கட்டிக்கிட்டுப் போனா சாவை நெனச்சுக்கிட்டே வலை போடணும்’னு திருப்பிக் குடுத்துட்டாரு.”

“அப்புறம்?”

“அனுமதிக்கு அலையணும். ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கணும். சிங்கப்பூர்ல அந்த அலைச்சல் இல்ல. நார்வேயில கடலைப் பத்தித் தெரிஞ்சவங்க இருக்காங்க. சிலியில...”

“அப்புறம்ணே?”

பூபாலன் கடலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டான்.

“இந்தத் தண்ணிப் பக்கம் என்னால இருக்க முடியலம்மா,” என்றான்.

அம்மா தலையசைத்தார்.

“நாளைக்குக் காலையில வாங்க. பழைய துணி போட்டுக்கிட்டு வாங்க.”

மறுநாள் வந்தான். அந்த வாரத் தொடக்கத்தில் மூன்று நாள் நல்ல மழை பெய்திருந்தது. கொட்டகை வாசலில் மண்வெட்டி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அம்மா அதை எடுத்து அவன் கையில் கொடுத்தார். தான் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு சவுக்குத் தோப்புக்குள் நடந்தார்.

பூபாலன் பாதியில் நின்றுவிட்டான். தோப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். கடல் ஒதுக்கிவிட்டுப்போன உடல்கள். போலீஸ் எழுதி, ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, தேடி யாரும் வராதவர்களை அம்மா கேட்டு வாங்கிவந்து புதைத்திருந்தார்.

“நான் வரலம்மா.”

“மண்வெட்டி ஒண்ணுதாண்ணே இருக்கு. அது உங்க கையில இருக்கு.”

அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். பூபாலன் பின்னால் போனான்.

பதினொரு மேடுகள். மழையில் மணல் கரைந்து பாதி தரைமட்டமாகிவிட்டிருந்தன. தலைமாட்டில் ஆளுக்கொரு செங்கல். செங்கல்லில் வெள்ளை பெயின்ட்டில், கரை ஒதுங்கிய தேதி. பெயர் இல்லை.

பூபாலன் முதலில் தேதிகளைத்தான் படித்தான். ஒவ்வொரு செங்கல்லாகக் குனிந்து, விரலால் மண்ணைத் துடைத்துப் படித்தான். பதினொன்றையும் படித்து முடித்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.

“அந்த ஐப்பசித் தேதி எதுவும் இதுல இல்ல.”

“இல்லைண்ணே. இருந்திருந்தா நீங்க வந்த அன்னிக்கே சொல்லியிருப்பேன்.”

“அப்படின்னா அவன் எங்க போனான்?”

அம்மா கூடையில் மணல் அள்ளினார்.

“ஐப்பசித் தண்ணி தெக்க இழுக்கும்னு சொல்லுவாங்க.”

தெற்கே அக்கரை. வேறு நாடு. பூபாலன் அங்கே போனதில்லை. போக வேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

மண்வெட்டியை எடுத்தான். முதல் மேட்டுக்கு மண் அணைத்தான். இரண்டாவதுக்கு அணைத்தான். ஈர மணல் கனத்தது. மூன்றாவது மேடு மற்றவற்றைவிடக் குட்டையாக இருந்தது.

“இது யாரும்மா?”

“தெரியாதுண்ணே.”

“எந்த ஊரு?”

“தெரியாது.”

“எந்த நாடு...”

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். அம்மா அவன் முகத்தைப் பார்க்காமல் செங்கல்லை நேராக நிறுத்தி வைத்தார்.

எட்டாவது மேட்டுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. மேட்டின் மேல், மழையில் ஊறி நிறம் போன சில செவ்வரளிப் பூக்கள் கிடந்தன. அடுத்த மேட்டிலும், அணைத்து முடித்த மேடுகளின் ஓரத்திலும் கிடந்தன.

“யாராவது வந்தாங்களா?”

“வரல. ஒரு தாய்கிட்டேருந்து கடுதாசி வந்துச்சு. அக்கரையில பருத்தித்துறையிலேருந்து. மகன் ஆனி மாசம் கடலுக்குப் போனவன், திரும்பலன்னு. உங்க பக்கம் யாராச்சும் ஒதுங்கினாங்களான்னு.”

“ஒதுங்கினாரா?”

“அந்த வருஷம் ஆடியில ரெண்டு பேரு ஒதுங்கினாங்க. போட்டோ அனுப்பியிருந்தாங்க. நல்லாச் சிரிச்ச முகம்.” அம்மா கூடையைக் கீழே வைத்தார். “இங்க வந்தவங்களுக்கு ஒப்பிட்டுப் பாக்க முகம் இல்லண்ணே. அப்படியே எழுதிட்டேன்.”

“அதுக்கு?”

“மறுபடி எழுதினாங்க. நாலே வரி. ‘எந்த மேடு எண்டு தெரியாட்டிலும் பரவாயில்லை பிள்ளை. ஏதாவது ஒண்டில ஒரு பூ வைச்சு விடுங்கோ. அவனுக்குப் போய்ச் சேரும்.’”

காற்று சவுக்குகளில் இரைந்தது.

“எதுல வெச்சீங்க?” என்று பூபாலன் கேட்டான்.

“எல்லாத்துலயும்.”

பூபாலன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். தம்பி போன அன்று அவன் அழவில்லை. பெற்ற தாயையும் தகப்பனையும் தேற்ற வேண்டியிருந்தது. அதன்பிறகு கருவி இருந்தது. நான்கு வருடம் கம்பியும் பேட்டரியும் மணியுமாக இருந்துவிட்டான். இப்போது அடுத்தவர் பிள்ளையின் மேட்டில் கை ஊன்றிக்கொண்டு அழுதான். வாய்விட்டு அழுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதான்.

நீலாயதாட்சி அம்மா அவனைத் தேற்றவில்லை. மண்வெட்டியை எடுத்து ஒன்பதாவது மேட்டுக்கு மண் அணைத்தார். பிறகு பத்தாவதுக்கு அணைத்தார்.

அழுகை ஓய்ந்தபின் பூபாலன் எழுந்து, அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினான். கடைசி மேட்டுக்கு அவன்தான் அணைத்தான். நான்கு பக்கமும் தட்டி, இறுக்கி, செங்கல்லை நிறுத்தினான்.

“அங்க யாராச்சும் செய்வாங்களாம்மா? அவனுக்கு?”

“தெரியாதுண்ணே.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இருவரும் கை கழுவினார்கள். அம்மா கூடையைக் கவிழ்த்துத் தட்டினார். பூபாலனின் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். சிங்கப்பூர் எண். பேசாமல் மறுபடி பைக்குள் வைத்தான்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை,” என்றார் அம்மா. “பதில் சொல்லணும்னீங்களே.”

“ஆமாம்மா.”

பூபாலன் மண்வெட்டியைக் கழுவிச் சாய்த்து வைத்தான்.

“அந்தப் பருத்தித்துறை அம்மாவோட விலாசம் இருக்கா?”

“இருக்கு. எதுக்குண்ணே?”

“அவங்க வீட்டுல இன்னும் யாரு கடலுக்குப் போறாங்கன்னு கேக்கணும். மொதக் கருவி அந்தக் கரைக்குத்தான்.”