செத்துப்போன மின்சாரம்

காட்டின் ஓரத்தில் வனக்காவலர்கள் கைவிட்டுப் போன ஒரு கொட்டகை இருந்தது. அதில் சூரிய மின்தகடும் பேட்டரியும் அப்படியே கிடந்தன. விலங்குகள் அதிலிருந்து ஒரு கம்பி இழுத்தன. ஆலமரத்தடியில் ஒரு பெட்டிக்குள் அந்தக் கம்பி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று சிங்கராஜாவின் குகைக்கு விளக்கெரிக்கப் போனது. மற்றொன்று ஒரு மரப்பொந்துக்குப் போனது. வெள்ளத்தில் தாயை இழந்த முட்டைகள் அங்கே ஒரு பல்பின் சூட்டில் கிடந்தன. ஒரு கவுதாரி அவற்றைக் காவல் காத்தது.

மின்சாரத்துக்கு மந்திரி நரி.

மார்கழி பிறந்ததும் பல்பு மங்கியது. கவுதாரி அரசவைக்கு ஓடியது.

"அரசே, முட்டைகள் சில்லிட்டுப் போகின்றன."

"என் விளக்கும் மங்கல்தான்," என்றது சிங்கம். "மந்திரி, என்ன ஆயிற்று?"

நரி தொண்டையைச் செருமியது. "பேட்டரியிலிருந்து ஐந்து பங்கு கிளம்புகிறது, அரசே. குகைக்கு ஒன்று, பொந்துக்கு ஒன்று வந்து சேர்கிறது. மீதி மூன்றும் பெட்டிக்குள்ளேயே செத்துவிடுகின்றன. குளிர் தாங்கவில்லை, பாவம்."

சிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. செத்த மின்சாரத்துக்காக அவையே எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது. கரடி இரங்கல் கவிதை வாசித்தது. சாவை விசாரிக்க ஒரு குழுவும் அமைந்தது. அதற்குத் தலைவரும் நரிதான்.

"செத்தது சரி. பிணம் எங்கே?" என்று கேட்டது கவுதாரி.

"மின்சாரத்துக்கு ஏது பிணம்? படிக்காத பறவை!" என்று சிரித்தது நரி.

கவுதாரி நேராக ஆலமரத்தடிக்குப் பறந்துபோய், பெட்டியைச் சுற்றி மண்ணைக் கிளறியது. எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பெட்டியின் அடியிலிருந்து தடித்த மூன்றாவது கம்பி ஒன்று மண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனார்கள். கம்பி நரியின் வளைக்குள் முடிந்தது. அங்கே ஹீட்டர் சிவக்கச் சிவக்க எரிந்தது. நரியின் மாமனார் குடும்பமே சுற்றி உட்கார்ந்து குளிர்காய்ந்துகொண்டிருந்தது.

"இது என்ன, மந்திரி?" என்றது சிங்கம்.

"திருட்டில்லை, அரசே. செத்ததை அடக்கம் செய்யத்தான் எடுத்து வந்தேன்."

அழுததை நினைத்துச் சிங்கத்துக்கு அவமானமாகிவிட்டது. நரியைக் குடும்பத்தோடு காட்டைவிட்டுத் துரத்தியது. குரங்கு மூன்றாவது கம்பியைப் பிடுங்கிப் போட்டதும் பொந்தில் பல்பு பளிச்சென்று எரிந்தது. முட்டைகள் பொரிந்தன. நான்கு மட்டும் ஏற்கெனவே குளிர்ந்துவிட்டிருந்தன. கவுதாரி அவற்றைத் தனியாகக் கொண்டுபோய்ப் புதைத்தது.

கம்பிகள் கூடும் ஒரு சந்திப்புக்குள் வரும் மின்சாரம் முழுவதும் அங்கிருந்து வெளியே போயே தீரும். நடுவில் காணாமல் போனது என்று சொல்பவனின் வீட்டைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.